குதிரை, கோட்டு, வெண்கலம்: வானம் பார்த்த நிலத்திலிருந்து ஒரு வாசிப்பு



இந்த நினைவுச் சொற்பொழிவில் சிலைகளைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தோம். அதை ஒரு சிலையிலிருந்து அல்லாமல் ஒரு தடைப் பட்டியலிலிருந்து தொடங்குகிறோம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதிகள் குறித்துப் பின்னர் எழுதிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

இவற்றை நம் மக்கள் ஏற்கவில்லை. குடிசைகள் எரிந்தன, சேர்த்து வைத்த தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், பதினொரு தடைகள் கொண்ட இன்னொரு பட்டியல் வந்தது. பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பதும், சொந்த நிலத்தை மிராசுதார்களுக்குச் சல்லி விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் பேச்சுக்கு அதில் இரண்டு வரிகள் போதும். பள்ளர், பறையர் பெண்கள் செம்பு, பித்தளைக் குடங்களில் தண்ணீர் எடுக்கக் கூடாது. மண்குடம்தான், அதற்கும் துணிச் சும்மாடு கூடாது, வைக்கோல்தான். இரண்டாவது, கல்யாண ஊர்வலத்தில் குதிரைமேல் போகும் வழக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டம் 1985இல்தான் மூன்றானது. அதற்குப் பிறகே இந்தப் பக்கம் இன்றைய விருதுநகர் மாவட்டமாயிற்று. குண்டாறு மணலாகக் கிடக்கும் நாடு இது. கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். பருத்தி, மல்லி, வரகு, குதிரைவாலி; கண்மாய் பெருகாத ஆண்டில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பிழைப்பு. (குதிரைவாலியை விளைவித்தவர்களுக்குக் குதிரைதான் கூடாது என்றார்கள்.)

தடைகளை வரலாற்று ஆவணமாக வாசிக்கும்போது நாம் எப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் செய்யாத காரியத்தை யாரும் தடை செய்வதில்லை. கோட்டுப் போடாதே என்று ஒருவன் சொல்கிறான் என்றால், கோட்டுப் போட்ட ஒருவர் அந்தத் தெருவில் ஏற்கெனவே நடந்துவிட்டார் என்று பொருள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பியவர்கள் குடையோடும் சட்டையோடும் பித்தளைப் பாத்திரத்தோடும் வந்தார்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் கிராப்போடு வந்தார்கள். குதிரை ஊர்வலத்தைப் பட்டியலே வழக்கம் என்றுதான் சொல்கிறது. ஆகவே நம் மக்களின் இழிநிலைக்கான சான்றாக மட்டுமே இந்தப் பட்டியலைக் காட்டுபவர்கள் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். அது நம் மக்கள் எதில் ஏறிவிட்டார்கள், எதை உடுத்திவிட்டார்கள், எந்த உலோகத்தைத் தொட்டுவிட்டார்கள் என்பதற்கும் சான்று.

உலோகம், கோட்டு, குதிரை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வெண்கலச் சிலையைப் பார்ப்போம். அது அமெரிக்காவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நம் மரபில் இது புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை அங்குள்ள கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு இங்கே திரும்புவது நமக்குப் பழகிய பாதைதான்.

ஃபிரெடரிக் ரெமிங்டன் நியூயார்க் மாநிலத்தில் 1861இல் பிறந்த ஓவியர். அமெரிக்காவின் மேற்கு எல்லை நிலத்துக்குப் போய் மாட்டுக்காரர்களையும் குதிரைப்படையினரையும் பூர்வகுடிகளையும் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பிப் புகழ் பெற்றவர். 1895இல் அவர் செய்த முதல் வெண்கலச் சிலை 'பிராங்கோ பஸ்டர்'. பழகாத குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கிறது. மேலே இருப்பவன் ஒரு கையில் சாட்டையோடு அதை அடக்கிக்கொண்டிருக்கிறான். சிலையின் பளு முழுவதும் குதிரையின் பின்னங்கால் இரண்டில் நிற்கிறது. முதலில் மணல் அச்சில் வார்த்தார்கள். 1900 வாக்கில் ரெமிங்டன் மெழுகு முறைக்கு மாறினார். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்யும் அதே அடிப்படைதான்: மெழுகில் உருவைச் செய்து, மேலே அச்சுப் பூச்சுப் பூசி, சூடேற்றி மெழுகை வழியவிட்டு, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. 1902இல் அவர் செய்த இன்னொரு சிலையில் நான்கு குதிரைகள், பதினாறு குளம்புகள். ஆறு மட்டுமே தரையைத் தொடுகின்றன. வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது.

நாம் பார்க்க வேண்டியது அது செய்யப்பட்ட காலத்தை. எல்லை நிலம் என்று ஒன்று இனி இல்லை என்று அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. முள்கம்பி வேலி வந்து, ரயில் வந்து, ஆயிரம் மைல் மாடு ஓட்டிப்போன வாழ்க்கை முடிந்த பிறகுதான் அதற்கு வெண்கலம் வந்தது. முடிந்துபோன வாழ்க்கையை உலோகத்தில் நிறுத்தும்போது, அதில் யார் இருந்தார்கள் என்பதையும் அந்த உலோகமே தீர்மானித்துவிடுகிறது. மாடு ஓட்டிய கௌபாய்களில் நான்கில் ஒருவர் வரை கறுப்பினத்தவர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். டெக்சாஸில் எஜமானர்கள் உள்நாட்டுப் போருக்குப் போனபோது மாடுகளைக் காத்தவர்கள் அடிமைகள்தான். 1865இல் விடுதலை பெற்ற பிறகு அவர்களுக்குத் தெரிந்த தொழிலும் அதுதான். ரெமிங்டனுக்கு இது தெரியாததல்ல. 1888இல் அவர் கறுப்பினக் குதிரைப்படையோடு அரிசோனாவில் பயணம் செய்து, அடுத்த ஆண்டு அதைப் பற்றிப் படத்தோடு கட்டுரை எழுதினார். தாளில் அவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்தில் அவர் ஏற்றிப் புகழ்பெற்ற குதிரைவீரர்களோ வெள்ளையர்களும் பூர்வகுடிகளும்தான். தாள் கிழியும், உலோகம் நிற்கும். 'பிராங்கோ பஸ்டர்' பல குடியரசுத் தலைவர்களின் காலத்தில் வெள்ளை மாளிகை அலுவலக அறையிலேயே நின்றது.

மாடு மேய்ப்பவன் என்பது நம்மூரில் வசைச்சொல். அங்கே அது தேசத்தின் முகம். முகத்தின் நிறம் மட்டும் மாற்றப்பட்டிருந்தது.

பூர்வகுடிகளுக்கு வெண்கலத்தில் இடம் கிடைத்தது. அது எப்படிப்பட்ட இடம் என்பதை ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசரின் 'பாதையின் முடிவு' சொல்லும். 1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் வைக்கப்பட்ட சிலை அது. குதிரை தலை கவிழ்ந்து நிற்கிறது, மேலே இருப்பவனும் கவிழ்ந்து சரிந்திருக்கிறான். பார்ப்பவருக்கு இரக்கம் வரும். தோற்றவனை இரக்கத்தோடு செய்த சிலை அவன் தோற்றே தீர வேண்டியவன் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதே ஃபிரேசர் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலுக்குச் செய்த சிலை 1940இல் திறக்கப்பட்டது. தியோடர் ரூஸ்வெல்ட் குதிரைமேல் இருக்கிறார். இருபக்கமும் ஒரு பூர்வகுடியும் ஓர் ஆப்பிரிக்கரும் தரையில் நடக்கிறார்கள். எண்பது ஆண்டுக்கும் மேல் அது அங்கே இருந்தது. 2022 ஜனவரியில் அகற்றினார்கள். அதைப் படத்தில் பார்த்தபோது எங்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. குதிரைமேல் ஒருவர், பக்கத்தில் நடப்பவர் இருவர் என்பதை இராமநாதபுரத்துப் பட்டியல் தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி நம் நிலத்துக் குதிரைகளுக்கு வருவோம். இங்கே குதிரை மண்ணால் ஆனது. கண்மாய்க் கரையில், ஊர் எல்லையில், ஐயனார் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும். வேளார்கள் செய்வது. பிடிமண் கொடுத்துத் தொடங்கிப் புரவி எடுப்பில் முடியும். மழையில் கரைந்து, வெயிலில் வெடித்து, காதும் வாலும் உடைந்து கிடக்கும் பழைய குதிரைகளுக்குப் பக்கத்திலேயே புதுக் குதிரையை நிறுத்துவார்கள். வெண்கலம்போல ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது என்பதில்லை. இந்த அழிவைச் சிலர் அழகாகப் பேசுகிறார்கள். யாருடைய தெரு வழியாகப் புரவி போகும், யார் தோள் கொடுப்பார்கள், யார் ஒதுங்கி நிற்பார்கள் என்ற கேள்விகளை அந்த அழகு மறைத்துவிடும் என்பதால் நாம் அதில் அதிகம் மயங்க வேண்டியதில்லை.

அந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் குதிரை ஏறியிருக்கிறார். மதுரை வீரன். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மதுரையில் செத்தவன். செத்த பிறகு அவனுக்குக் குதிரை கிடைத்தது, வாள் கிடைத்தது, முறுக்கிய மீசை கிடைத்தது. உயிரோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு மறுத்த குதிரையைக் கொல்லப்பட்டவனுக்குக் கொடுத்துக் கும்பிடுவதில் இந்தச் சமூகத்துக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை.

கோயிலுக்குள் இருந்த வெண்கலம் வேறு கதை. சோழர் காலம் முதல் இந்த மண்ணின் உலோகக் கலை உலகப் புகழ் பெற்றது. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நாம் கூட்டத் தேவையில்லை. திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். சிவன் கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையில் நந்தனாரும் நிற்கிறார். நந்தனார் உள்ளே நின்ற காலம் முழுக்க அவர் மக்கள் வெளியே நின்றார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு கக்கனும் மற்றவர்களும் நுழைந்தது 1939 ஜூலை 8. தடைப் பட்டியலுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து. திருவிழாவில் வெளியே வரும் உற்சவரைத் தூரத்திலிருந்து பார்த்ததைத் தவிர, வெண்கலத்தோடு நமக்கு வேறு உறவு இருக்கவில்லை. வீட்டில் பித்தளைக் குடம்கூட இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

உழைப்பவனுக்கு வெண்கலத்தில் இடம் தமிழ்நாட்டில் 1959இல் வந்தது. மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, வங்கத்திலிருந்து வந்து 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியை நடத்தியவர். நான்கு பேர் ஒரு பெரும் பாறையைப் புரட்டுகிறார்கள். முதுகும் தொடையும் புடைத்து நிற்கின்றன. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் தொழிலாளர் தினம் கொண்டாடிய இடங்களில் ஒன்று அதே திருவல்லிக்கேணிக் கடற்கரை. ஆட்சியாளர்களும் தெய்வங்களும் அல்லாதவர்களை அவ்வளவு பெரிய அளவில் உலோகத்தில் நிறுத்தியது பெரிய காரியம். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அந்தச் சிலையின் முன்னால் நின்றால் என்ன பார்ப்பார்கள்? அந்த நால்வருக்கும் பெயர் இல்லை. மேலுடம்பில் துணி இல்லை. இடுப்புக்கு மேலே துணி கூடாது என்ற 1930இன் வரி அங்கே கலையாக நிற்கிறது. சிற்பி அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார். உழைப்பின் வலிமையைத் தசையில் காட்டுவது அவர் கற்ற மரபு. இருந்தும், யாருடைய உடம்பு காலங்காலமாக வெறும் உடம்பாக மட்டுமே பார்க்கப்பட்டதோ, அவர்களுக்கு அந்தத் தசை பெருமையை மட்டும் தருவதில்லை. ஃபிரேசரின் இரக்கம் பூர்வகுடிக்கு என்ன செய்ததோ, அதில் ஒரு பங்கை நம் உழைப்பைப் போற்றும் கலையும் நமக்குச் செய்துவிட முடியும்.

இதனால்தான் நம் மக்கள் தாங்களாகச் சிலை வைக்கத் தொடங்கியபோது கலப்பையையோ கடப்பாரையையோ கேட்கவில்லை. கோட்டைக் கேட்டார்கள். 1967இல் நாடாளுமன்ற வளாகத்தில் வைக்கப்பட்ட பி.வி. வாக் செய்த அம்பேத்கர் சிலை வெண்கலம். கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். அந்த உருவம் ஊர் ஊராகச் சிமெண்டில் இறங்கியது. திருச்சுழிப் பக்கம் ஒரு காலனியில் சிலை வைக்க வேண்டுமென்றால் தலைக்கட்டு வரி போட்டு, திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிள்ளைகளிடம் வசூலித்து, கொத்தனாரையோ உருவம் செய்பவரையோ பிடித்து முடிப்பார்கள். மூக்கு சரியில்லை, கை குட்டை என்று நகரத்துக் கலை ரசிகர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிலைகளில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட பகுதி எது என்று பாருங்கள். கோட்டின் மடிப்பு, சட்டைப்பையில் பேனா, காலில் ஷூ. 1930இன் பட்டியலை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக எதிர்த்துச் செய்ததுபோல் இருக்கும். கோட்டு கூடாது என்றார்கள், செருப்பு கூடாது என்றார்கள், பிள்ளை படிக்கக் கூடாது என்றார்கள். கோட்டும் ஷூவும் புத்தகமுமாக அவர் நிற்கிறார். கடைசியில் பொன் நிறமோ வெண்கல நிறமோ அடிப்பார்கள், சிமெண்ட் உலோகமாகிவிடும்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே வேலையைக் காலம் தாழ்த்திச் செய்தார்கள். கன்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் கோட்டையில் கறுப்பினக் குதிரைப்படை வீரருக்கான வெண்கலச் சிலையை 1992இல் காலின் பவல் திறந்து வைத்தார். 2012இல் ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் நகரில் பாஸ் ரீவ்ஸுக்குச் சிலை வந்தது. 1838இல் அடிமையாகப் பிறந்தவர், 1875 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் எல்லை நிலத்தில் சட்டக் காவலராக இருந்தவர். எழுத்தறியாதவர் என்பதால் பிடியாணைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவாராம். வெண்கலத்தில் அவர் துப்பாக்கியோடு குதிரைமேல் இருக்கிறார். ரெமிங்டன் விட்ட இடத்தை நூறு ஆண்டுகள் கழித்து நிரப்பியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க நாம் விரும்பவில்லை. அந்தக் குதிரைப்படை பூர்வகுடிகளை ஒடுக்க அனுப்பப்பட்ட படை. குதிரை ஏறியவரின் குளம்புக்கடியில் வேறொருவர் இருந்தார். நாமும் வீரர்களைத் தேடும்போது வாள், குதிரை, தளபதிப் பட்டம் என்று பாளையக்காரர் படைகளுக்குள்தான் போகிறோம். அது தேவைப்பட்ட தேடல். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்களே, அந்த நாட்களில் கட்டபொம்மனின் தளபதி ஒருவர் நமக்குத் தேவைப்பட்டார். கலவரம் மூண்டது. அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. தகரத்தில் பெயிண்டில் எழுதிய ஒரு பெயரே தாங்கவில்லை. வெண்கலத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இன்றுவரை நாம் வைத்த சிலைகளில் கோட்டு வந்துவிட்டது. வாளும் குதிரையும் வந்துவிட்டன. பட்டியலின் மூன்றாவது பொருள் வரவில்லை. வைக்கோல் பிரியைத் தலையில் வைத்து மண்குடம் சுமந்த பெண், பித்தளைக் குடத்தை முதன்முதலில் தைரியமாக ஊருணிக்கு எடுத்துப் போன பெண். அவள் சும்மாட்டுக்குத் துணி வைத்த நாள் ஒன்று உண்டு. அந்த நாளுக்குச் சிலை கேட்டு நம் அமைப்புகள் எதுவும் தீர்மானம் போட்டதில்லை. அவளை உழைப்பாளர் சிலைபோல் பெயரில்லாத உடம்பாக நிறுத்தாமல், தடையை மீறிய ஆளாக நிறுத்துவது எப்படி என்பதை நம் சிற்பிகளும் ஓவியர்களும்தான் யோசிக்க வேண்டும். அறுபது, எழுபது வயது தாண்டிய அம்மாக்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். முதல் பித்தளைக் குடம் வீட்டுக்கு வந்த கதையைத் தங்கள் தாயிடம் கேட்டவர்கள் அவர்களில் இருப்பார்கள். அதைக் கேட்டு எழுதும் வேலையை இந்த மன்றம் இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று முன்மொழிகிறோம்.

அதுவரை இருக்கும் சிலைகளைக் காக்கும் வேலை இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் காவல் நிலையத்துக்கு அருகிலேயே அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. தமிழ்நாட்டில் கோட்டுப் போட்டவர் பல ஊர்களில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். பாதுகாப்புக்கு என்கிறார்கள். உடைப்பவனை விட்டுவிட்டுச் சிலையைச் சிறையில் வைக்கும் பாதுகாப்பு. கூண்டின் சாவி பெரும்பாலும் நம்மிடம் இருப்பதில்லை. ஏப்ரல் 14, டிசம்பர் 6 ஆகிய நாட்களில் மாலையோடு போய்க் காத்திருந்தால், சாவியோடு ஒருவர் வந்து திறந்துவிடுவார்.